ஆயுத பூஜை நாளில் போட்ட ஊசி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர் நஞ்சுண்டய்யா. சிஸ்டர் ஸ்டெல்லா. லாரி டிரைவர் மாதேஷ். அவன் மனைவி ஜோதி. ஜோதியின் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. அப்புறம் நான்.

என் பேர் ராசப்பன். மைசூரில் ரிங் ரோட்டுப் பக்கம் லாரி ஸ்டாண்டில் டிரைவர்களுக்கென்று ஒரு கிளினிக் இருக்கிறது. பால்வினை நோய் பார்க்கிற கிளினிக். ஸ்டாண்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டாக்டர் ரூம் என்பார்கள். அதில் நான் பீல்டு ஒர்க்கராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் டேப் கம்ப்யூட்டரைத் தட்டி வேலை பார்க்கிறார்கள். ஒருநாள் போனபோது, "அண்ணா, நீங்க பார்த்ததுல கஷ்டமான கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். முடிந்த மட்டும் எழுதுகிறேன். ஜோதியிடம் கேட்டேன். "எழுதுங்க சித்தப்பா, பேர மட்டும் மாத்திப் போடுங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன் நான் லாரி ஓட்டினேன். இடது முழங்கால் கெட்டுப்போனது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. டாக்டர் ரூமுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். பயிற்சி கொடுத்தார்கள். மரத்தில் செய்த ஒன்றை மேஜை மேல் நிறுத்தி ஆணுறை மாட்டிக் காட்டச் சொன்னார்கள். மாட்டினோம். சிரித்தோம். டீ வந்தது. பயிற்சி முடிந்தது.

வேலையை ஸ்டாண்டில்தான் கற்றுக்கொண்டேன். டிரைவர்கள் பல் விளக்குகிற நேரத்துக்குப் போக வேண்டும். லோடு ஏறிவிட்டால் பேச மாட்டார்கள். போனவுடன் சீக்கைப் பற்றி எடுக்கக் கூடாது. டயரைத் தட்டிப் பார்ப்பேன். எங்கே போய் வந்தாய், எந்த ஓட்டலில் சோறு நன்றாக இருக்கிறது என்று கேட்பேன். பேச்சு தானாக அங்கே வந்து நிற்கும்.

ஆணுறை கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். கேபினில் சாமி இருக்கிறது. மாதேஸ்வரன், சாமுண்டி, பள்ளிவாசல் படம், மாதா படம், ஏதாவது ஒன்று இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற இடம் அது. அங்கே வைக்க மாட்டார்கள். கீழே டூல் பாக்ஸில் ஜாக்கியோடும் கிரீஸ் டப்பாவோடும் போட்டுவிடுவார்கள். சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் கெட்டுப்போகும். கிழியும். "போட்டுக்கிட்டுத்தான் போனேன்" என்று வந்து நிற்பார்கள்.

எல்லா லாரியிலும் ஆர்டிஓவுக்குப் பயந்து ஒரு முதலுதவிப் பெட்டி வைத்திருப்பார்கள். யாரும் திறப்பதில்லை. அதில் வைக்கச் சொன்னேன். சாமிக்கும் தூரம், கிரீஸுக்கும் தூரம். டாக்டரிடம் சொன்னபோது, "அதுவும் முதலுதவிதானேப்பா" என்றார்.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நஞ்சன்கூடு பக்கம் சொந்த ஊர். தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து விழும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார மாட்டார். டிரைவர் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார். டிரைவரைத் தொடுவதற்கு முன்னால், அவன் பார்க்கும்படி கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். மறுபடி கழுவுவது அவன் வெளியே போன பிறகுதான். "அவன் எதிர்ல கழுவினா அவனைக் கழுவுற மாதிரி நினைச்சுக்குவான்" என்பார். யாரையும் "தப்பு செஞ்சியா" என்று கேட்டதில்லை. எந்த ரூட், எங்கே ஹால்ட், வீட்டுக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு, இவ்வளவுதான் கேட்பார். மீதியை டிரைவரே சொல்லிவிடுவான்.

அவருக்குக் கோபம் வந்து ஒரு தடவைதான் பார்த்தேன். ஒன்றுக்குப் போகிற இடத்தில் சீழ் வருகிறவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மாத்திரைப் பெட்டி உண்டு. உள்ளே இரண்டு மாத்திரை. இரண்டையும் ஒரே ஆள் விழுங்க வேண்டும். ஒரு லாரியில் மாற்றி மாற்றி ஓட்டுகிற இரண்டு டிரைவர்கள். இருவருக்கும் சீக்கு. ஒருவன் மட்டும் வந்து ஒரு பெட்டி வாங்கிப்போனான். மற்றவனுக்கு வெட்கம். பேட்டா, சோறு, பீடி எல்லாவற்றிலும் பாதிப் பாதி என்று பழகியவர்கள். மாத்திரையையும் அப்படியே ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டார்கள். அடுத்த டிரிப்பில் இரண்டு பேருமே வந்து நின்றார்கள்.

"ஏன்டா பங்கு போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"ரெண்டு இருந்துச்சு சார். நாங்களும் ரெண்டு பேரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். திரும்பி வந்து ஒரு சட்டம் போட்டார். மாத்திரையை சிஸ்டர் எதிரிலேயே விழுங்க வேண்டும், விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். அன்றிலிருந்து பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் சிஸ்டர் ஸ்டெல்லா முன்னால் நின்று 'ஆ' காட்டினார்கள்.

மாதேஷ் எனக்கு மாப்பிள்ளை முறை. என் பெரியப்பா பேத்தி ஜோதியைக் கட்டியவன். ஊர் ராமாபுரம், ஹனூர் தாண்டி. மைசூரில் டயர் லோடு ஏற்றிக்கொண்டு இந்தூர் போவான், வரும்போது வெங்காயம். வாய் ஓயாத ஆள். ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால், "மாமா, அந்தப் பையத் தூக்கிட்டு எம்பட வண்டிக்கிட்ட வராதீங்க. மாமனாரே சப்ளை பண்றாருன்னு பசங்க சிரிக்கறானுக" என்பான்.

தசராவுக்கு முந்தின மாதம் ஸ்டாண்டில் எல்லோருக்கும் விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தோம். கூட்டத்தோடு அவனும் விரலை நீட்டினான். எச்.ஐ.வி. இல்லை. சிபிலிஸ் அட்டையில் இரண்டு கோடு வந்தது. எங்கள் ஊரில் மேகப்புண் என்பார்கள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரூட் கேட்டார். ஹால்ட் கேட்டார். அவன் சொன்னான். "புண்ணு ஏதாவது வந்துதா?" என்றார்.

"போன வருசம் ஒண்ணு வந்துச்சுங்க. வலியே இல்லீங்க. இன்ஜின் மேலயே உக்காந்திருக்கறமல்லங்க, சூட்டுக் கொப்புளம். எளநி குடிச்சேன், போயிருச்சு."

"நோடு, இங்க பாரு மாதேஷா. ஓடிட்டிருக்கும்போது ஆயில் லைட் எரியுது. கொஞ்ச தூரம் போனா தானா அணைஞ்சுடுது. ஆயில் வந்துடுச்சுன்னு ஓட்டுவியா?"

"பல்பு போயிருக்குமுங்க" என்றான்.

இந்தச் சீக்குக்கான ஊசி மருந்து இருக்கிற வெள்ளைப் பெட்டியை சிஸ்டர் எடுத்தார். அந்த ஊசிக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்து. அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம். அரை மணி உட்கார வேண்டும். தடிப்போ அரிப்போ இல்லை என்றால்தான் மேற்கொண்டு. பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பால் மாதிரி வரும். கெட்டியான மருந்து, தாமதித்தால் ஊசியில் அடைத்துக்கொள்ளும். பெரிய ஊசி. புட்டத்தில் ஆழமாக, மெதுவாக இறக்க வேண்டும். டிரைவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சண்டை போடுவார்கள். இடது பக்கம் போட்டால் கிளட்ச் மிதிக்க முடியாது, வலது பக்கம் போட்டால் பிரேக் மிதிக்க முடியாது.

"ரெண்டு பக்கமும் பாதிப் பாதி" என்பார் சிஸ்டர். "அப்பத்தான் வண்டி ஒரு பக்கம் இழுக்காது."

மாதேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு, "அலைன்மென்ட்டு நல்லாத்தான் பாக்கறீங்க" என்றான். வாரம் ஒன்றாக மூன்று வாரம் போட வேண்டும் என்றதும் சிரிப்பு போனது.

அவன் சட்டையை இறக்கிவிடும்போது டாக்டர் கேட்டார். "மனைவி?"

"ஊர்லங்க. அஞ்சு மாசம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். மெதுவாகத்தான் சொன்னார். அவளுக்கும் இருந்தால் பிள்ளைக்குப் போகும். செத்துப் பிறக்கலாம். உயிரோடு பிறந்தாலும் எலும்பு, கண், காது எதையும் கெடுக்கும். அவளுக்கு ஊசி போட்டால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் சேர்ந்து வைத்தியம் ஆகிவிடும். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே மூன்று ஊசியும் முடிய வேண்டும்.

"சத்து ஊசின்னு சொல்லிப் போட்டரலாங்களா?"

"பேடா, அது வேண்டாம். எதுக்குன்னு தெரியாம ஒரு உடம்புல நான் ஊசி குத்த மாட்டேன். நீ சொல்லிக் கூட்டிட்டு வா."

"மாமா சொல்லட்டுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் தலையாட்டினார். "கேட்டுக்கு வெளிய அவன் அவளுக்குச் சித்தப்பா. உள்ள அவன் ஸ்டாப். இங்க கேட்டது இங்கேயே இருக்கணும். ராசப்பா, ஊர்ல போய் வாயைத் திறந்தே, அன்னிக்கோட உன் வேலை முடிஞ்சுது."

மாதேஷ் இரண்டாவது ஊசிக்கு வந்தான். சொல்லவில்லை. மூன்றாவதுக்கு வந்தான். சொல்லவில்லை. "போன்ல எப்படிங் மாமா சொல்றது? எங்கம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கும்" என்றான். ஊருக்கும் போகவில்லை. இந்தூர், மைசூர், இந்தூர் என்று ஓடிக்கொண்டே இருந்தான்.

நடுவில் ஒரு காதுகுத்துக்கு நான் ராமாபுரம் போனேன். ஜோதி வீட்டில் சாப்பிடச் சொன்னாள். ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு குனிந்து போட்டாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"சித்தப்பா, அவரு ஏன் வூட்டுக்கே வர்றதில்ல? உங்க ஸ்டாண்டுலதான நிக்கறாரு?"

"லோடு ஜாஸ்தி" என்றேன்.

இரண்டாவது உருண்டை வேண்டாம் என்றேன். "ஏன், நல்லா இல்லியா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஸ்டாண்டுக்கு வந்ததும் மாதேஷைப் பிடித்தேன். "மாப்ள, ஆயுத பூசைக்கு ஜோதியக் கூட்டிட்டு வாங்க. தசரா லைட்டு காட்டறேன்னு சொல்லுங்க. இனிப் பொறுத்தா நாள் பத்தாது." அன்று ஒருநாள்தான் எந்த லாரியும் ஓடாது. எல்லா டிரைவரும் ஸ்டாண்டில் இருப்பான். பெண்டாட்டி பிள்ளைகள் வந்து வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். அவன் தலையாட்டினான். டாக்டரிடம் போய், அன்று ரூமைத் திறக்க வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. "ஆய்த்து, வர்றேன்" என்றார்.

ஆயுத பூஜை அன்று ஸ்டாண்டே அடையாளம் தெரியவில்லை. வாழைக்கன்றும் சாமந்தி மாலையுமாக லாரிகள் நின்றன. உடைத்த பூசணிக்காய் காலில் வழுக்கியது. எங்கள் ரூமிலும் பூஜை. செய்தது சிஸ்டர் ஸ்டெல்லா. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனால் ஆயுத பூஜையில் அவரைப் போல யாரும் செய்ய முடியாது. பி.பி. மிஷின், ஸ்டெதஸ்கோப், கத்தரிக்கோல், டிரே, ஊசிப் பாக்கெட், வெள்ளைப் பெட்டிகள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்திருந்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். அது சிஸ்டர் போட்ட சட்டம். அதில் டாக்டர் தலையிடுவதில்லை.

மாதேஷ் வண்டிக்குப் பூஜை முடிந்தது. டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றி இறக்கினான். ஜோதி பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கை தட்டினாள். அப்புறம் அவளைக் கேபினில் ஏறச் சொல்லி அவனும் ஏறிக் கதவைச் சாத்தினான். கண்ணாடியை ஏற்றினான்.

நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. முன் கண்ணாடியில் மாலைகளுக்கு நடுவே அவன் வாய் அசைவது தெரிந்தது. அவள் முன்னால் பார்த்தபடி இருந்தாள். கை வயிற்றுக்குப் போனது. அவன் நிறுத்தினான். அவள் திரும்பினாள். இரண்டு கையாலும் அவனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் முழங்கை ஸ்டீயரிங் நடுவில் விழுந்து ஏர் ஹாரன் அலறியது.

பூஜை ஹாரன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து லாரிக்காரன் அவன் ஹாரனை அடித்தான். அதற்கு அடுத்தவன். அதற்கு அடுத்தவன். ஸ்டாண்டு முழுக்க எல்லா லாரியும் கத்தியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஜோதி வாய் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். என்ன கத்தினாள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. ஹாரன் அடங்கியபோது அவளும் அடங்கியிருந்தாள்.

கதவைத் திறந்தாள். மாதேஷ் சுற்றி ஓடிவந்து கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை. நான் போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"உங்களுக்குத் தெரியுமா சித்தப்பா?"

"தெரியும்."

"களி தின்னுட்டுப் போனப்பவே?"

"ஆமா."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "செரி. எங்க அந்த டாக்டரு?"

டாக்டர் அவள் பார்க்கும்படி கையைக் கழுவினார். பூஜையில் வைக்காத டெஸ்ட் அட்டைகள் இரண்டு மேஜை டிராயரில் இருந்தன. விரலில் குத்தினார். காத்திருந்தோம். சிபிலிஸ் அட்டையில் இரண்டு கோடு வந்தது. அவளே எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு கோடுன்னா இருக்குதுங்களா?"

"இருக்கம்மா. ஊசிக்குப் போயிடும். இன்னொரு டெஸ்ட், அந்தப் பெரிய வியாதிக்கு, அது ஒனக்கு இல்லே."

"கொழந்தைக்கு?"

"இன்னிக்கு ஆரம்பிச்சா டைம் இருக்கு. நாள் தள்ளினா நான் வாக்குக் குடுக்க முடியாது."

சிஸ்டர் பூஜை மேஜையைப் பார்த்தார். "சார், எல்லாம் பூஜையில இருக்கு. நாளைக்குக் காலையில எடுத்து முதல் ஊசி இந்தப் பொண்ணுக்கே போட்டுடலாம்."

நாளைக்குத் தசரா ஊர்வலம். ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தசரா லீவு. ஜோதி லைட்டைப் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸுக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டு வந்தவள். போனால் மாமியார் மறுபடி விடுவாளா என்பது தெரியாது. அவளுக்கே மனம் இருக்குமா என்பதும் தெரியாது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங் சிஸ்டர்," என்றாள் ஜோதி, "வெளிய அத்தன பேரும் பூசை போட்ட கையோட லாரிய எலுமிச்சங்கா மேல ஏத்தி எறக்கறாங்க. உங்க ஊசி மட்டும் நாளைக்கு வரைக்கும் தூங்கோணுங்களா?"

டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சிஸ்டர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரும் சிரித்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கற்பூரத் தட்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து அதன் மேலிருந்த குங்குமத்தை ஸ்பிரிட்டால் துடைத்தார்.

முன்கையில் துளி மருந்து, பேனா வட்டம், அரை மணி. மாதேஷ் கதவோரம் நின்றான். "அந்த ஆள வெளிய போகச் சொல்லுங்க" என்றாள். போனான். தடிப்பு வரவில்லை. திரையை இழுத்தார்கள், நானும் வெளியே வந்தேன். உள்ளே சிஸ்டர், "ரெண்டு பக்கமும் பாதிப் பாதிம்மா" என்பது கேட்டது.

"எல்லாம் ஒரே பக்கம் குத்துங்க. நானென்ன லாரியா ஓட்டறேன்?"

"மருந்து ஜாஸ்திம்மா, ஒரே பக்கம் தாங்காது."

மாதேஷ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

சாயங்காலம் காய்ச்சல் வரும், பயப்படாதே, வயிறு இறுக்கிப் பிடித்தால் மட்டும் உடனே சொல் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஜோதி என்னிடம், "நான் ஊருக்குப் போகல. மூணு ஊசியும் முடியற வரைக்கும் உங்க வூட்டுல இருக்கறேன்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. மண்டி மொஹல்லாவில் எங்கள் வீடு ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. என் மனைவி சரசு எதுவும் விசாரிக்கவில்லை, பாயை விரித்தாள். சொன்னபடி காய்ச்சல் வந்தது. சிஸ்டர் வீட்டுக்குப் போகிற வழியில் வந்து உட்கார்ந்திருந்து, காய்ச்சல் இறங்கிய பிறகு போனார்.

எங்கள் சந்தில் ஆட்டோவே திணறும். மாதேஷ் லாரியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வருவான். ஆரஞ்சு கொண்டுவருவான். வாசலில் நிற்கிற யாருடைய ஸ்கூட்டர் மேலாவது உட்கார்ந்திருப்பான். ஜோதி உள்ளே உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துத் தின்பாள். "புளிக்குதுன்னு சொல்லுங்க சித்தப்பா" என்பாள். நான் வெளியே வந்து புளிக்கிறது என்பேன். அடுத்த தடவை வேறு ஊர் ஆரஞ்சு வரும். அதுவும் புளித்தது. தட்டில் தோல் மட்டும்தான் மிஞ்சும். தசரா லைட்டை அவள் சரசுவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது ஊசி அன்று அவனை ரூமுக்குள் வரச் சொன்னாள். எங்கள் எல்லோர் எதிரிலும் சொன்னாள்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரும் வந்து இங்க ரத்தம் குடுக்கோணும். நீ வரலீன்னா நான் மட்டும் வந்து ஸ்டாண்டு நடுவுல நின்னு உம்பேரச் சொல்லிக் கூப்புடுவேன். அன்னிக்கு யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க."

"வர்றேன்" என்றான். வாய் ஓயாதவன், அந்த ஒரு சொல்தான் சொன்னான். இன்றுவரை வருகிறான். மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை.

தை மாதம். காலை நேரம், ரூமில் கூட்டம். என் போன் அடித்தது. ஜோதி.

"சித்தப்பா, பொண்ணு."

சிஸ்டர் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு வந்து நின்றார்.

"அழுதுச்சாம்மா?"

"வார்டையே கூட்டறாளுங்க."

"ரத்தம் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. கண்ணு, காது எல்லாம் பாத்தாங்க. நல்லாருக்குது, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நுரை தரையில் சொட்டியது. "எடை?" என்றார்.

ஜோதி யாரிடமோ கேட்டாள். பின்னால் மாதேஷ் குரல் பதில் சொன்னது. அவள் அதை எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

மூன்று கிலோ நூறு கிராம்.